ஸ்கூல் போர்டு தேர்தல்: கலிபோர்னியா தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேர்தல் ஆண்டில் அக்டோபர் பிறந்தால் போதும், தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் இந்தக் கேள்விகள் வந்துவிடும். வாட்ஸ்அப் குழுவிலும் இதே சந்தேகங்கள்தான். துண்டு துண்டாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. எல்லாமே கலிபோர்னியாவுக்கு மட்டும். டெக்சஸிலோ நியூஜெர்சியிலோ இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு.

ஸ்கூல் போர்டுன்னா பிடிஏ மாதிரியா? அதுக்கு எதுக்குத் தேர்தல்?

பிடிஏ என்பது பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து நடத்தும் சங்கம். பள்ளிக்கு நிதி திரட்டும், விழா நடத்தும். ஸ்கூல் போர்டு அப்படியில்லை, அதற்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. கலிபோர்னியாவில் ஏறக்குறைய ஆயிரம் பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு வாரியம் நடத்துகிறது. பெரும்பாலும் ஐந்து பேர், சில இடங்களில் மூன்று அல்லது ஏழு. பதவிக்காலம் நான்கு ஆண்டு.

மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டென்டை வேலைக்கு எடுப்பதும் நீக்குவதும் இவர்கள்தான். பட்ஜெட்டை நிறைவேற்றுவது, ஆசிரியர் சங்கத்தோடு சம்பள ஒப்பந்தம் போடுவது, எந்தப் பள்ளியை மூடுவது, எந்தத் தெரு எந்தப் பள்ளிக்குப் போகும் என்று எல்லை வரைவது எல்லாம் இவர்கள் கையில். நாம் வீடு வாங்கும்போது "நல்ல ஸ்கூல் ஏரியா" என்று பார்த்துப் பார்த்து வாங்குகிறோமே, அந்த ஏரியாவை மாற்றி வரையும் அதிகாரம் இந்த ஐந்து பேருக்கு இருக்கிறது.

நான் கிரீன் கார்டு, அவர் ஹெச்-1பி. எங்களுக்கு ஓட்டு உண்டா?

இல்லை. குடியுரிமை வாங்கியவர்களுக்குத்தான் ஓட்டு. ஆனால் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2016-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, குடியுரிமை இல்லாத பெற்றோரும் அந்த நகரின் ஸ்கூல் போர்டு தேர்தலில் வாக்களிக்க வழி செய்தது. அங்கே இருந்தாலும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் போடாதீர்கள். மற்ற ஊர்களில் தெரியாமல் பதிவு செய்து ஓட்டுப் போட்டால்கூடப் பின்னால் குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகும், நாடு கடத்தும் அளவுக்கும் போகலாம். டிஎம்வியில் (ஓட்டுநர் உரிம அலுவலகம்) கையெழுத்துப் போடும்போது வாக்காளர் பதிவுப் பெட்டியில் கவனம் வையுங்கள்.

நன்கொடையிலும் ஒரு விதி இருக்கிறது. கிரீன் கார்டுக்காரர் வேட்பாளருக்குப் பணம் கொடுக்கலாம். ஹெச்-1பியில் இருப்பவர் எந்தத் தேர்தலுக்கும் கொடுக்கக்கூடாது, ஸ்கூல் போர்டு தேர்தலும் இதில் அடக்கம். ஆனால் போர்டு கூட்டத்தில் எழுந்து பேச எந்த விசாவும் தடையில்லை. பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்றுகூட இல்லை. கூட்டங்கள் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்ற பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும், பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும். அதில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம்.

பேலட்டில் கட்சி பேரே இல்லையே. யார் எந்தப் பக்கம்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஸ்கூல் போர்டு தேர்தல் கட்சி சார்பில்லாதது. பெயரும் தொழிலும் மட்டும் இருக்கும். கவுண்டி அனுப்பும் வாக்காளர் கையேட்டில் வேட்பாளர் எழுதிய சிறு அறிக்கை இருந்தால் படியுங்கள், பொதுவாக 200 வார்த்தை. அதை அச்சிட வேட்பாளர்தான் பணம் கட்ட வேண்டும் என்பதால் சிலர் கொடுக்கவே மாட்டார்கள். அறிக்கை இல்லை என்பதை வைத்து ஆளைத் தள்ளிவிட வேண்டாம்.

அதைவிட உருப்படியான தகவல் இரண்டு இடத்தில் கிடைக்கும். ஒன்று, யார் பணம் கொடுத்தார்கள் என்ற பிரசாரக் கணக்கு, இது பொது ஆவணம். இன்னொன்று, ஏற்கெனவே பதவியில் இருப்பவர் என்றால் பழைய கூட்டங்களின் வீடியோ. ஆசிரியர் சங்கத்தின் ஆதரவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆதரவு இருந்தால் ஆசிரியர்களின் நம்பிக்கையைப் பெற்றவர் என்று அர்த்தம். அதே சங்கத்தோடு நாளைக்குச் சம்பளம் பேச எதிரே உட்காரப் போகிறவரும் அவர்தான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

"ஸ்கூலில் தடுப்பூசிக் கட்டாயத்தை நீக்குவேன்"னு ஒருத்தர் நோட்டீஸ் கொடுத்துட்டுப் போனார். ஜெயிச்சா நீக்க முடியுமா?

முடியாது. அந்தக் கட்டாயம் மாநிலச் சட்டம், போர்டு ஐந்துக்கு ஐந்து ஓட்டுப் போட்டாலும் மாறாது. 2014 டிசம்பரில் டிஸ்னிலேண்டில் தொடங்கிய தட்டம்மை நூற்றுக்கும் மேற்பட்டோருக்குப் பரவியது. அதன் பிறகு 2015-இல் எஸ்பி 277 என்ற மாநிலச் சட்டம் வந்தது. அதுவரை "என் நம்பிக்கைக்கு ஒவ்வாது" என்று பெற்றோர் கையெழுத்துப் போட்டால் விலக்கு உண்டு. அந்த வழியை, மதக் காரணத்தையும் சேர்த்து, இந்தச் சட்டம் அடைத்துவிட்டது. மருத்துவக் காரணம் மட்டும் மிச்சம். 2019-இல் வந்த எஸ்பி 276 அந்த மருத்துவ விலக்குகளையும் மாநிலத்தின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் இந்தக் கட்டாயம் பொருந்தாது.

ஆகவே அந்த நோட்டீஸ் கொடுத்தவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது தலைநகர் சாக்ரமென்டோவில் போட்ட மாநிலச் சட்டமாச்சே, போர்டில் உட்கார்ந்து நீங்கள் எப்படி நீக்குவீர்கள்?" தெரிந்தே பொய் வாக்குறுதி கொடுக்கிறாரா, தான் கேட்கும் பதவிக்கு என்ன அதிகாரம் என்றே தெரியாமல் நிற்கிறாரா என்பது பதிலில் தெரிந்துவிடும். அவருக்கு ஓட்டுப் போடாமலிருக்க இரண்டுமே எனக்குப் போதுமான காரணம்.

ஆனா கோவிட் ஊசியை சில டிஸ்ட்ரிக்ட் தானாவே கட்டாயம் ஆக்கினாங்களே?

ஆக்கப் பார்த்தார்கள். 2021-இல் சான் டியேகோ பள்ளி மாவட்டம் மாணவர்களுக்கு கோவிட் தடுப்பூசியைக் கட்டாயம் என்றது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். பள்ளி சேர்க்கைக்கு எந்தத் தடுப்பூசி வேண்டும் என்று முடிவு செய்வது மாநிலம்தான், மாவட்டம் தன் இஷ்டத்துக்குச் சேர்க்க முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2022-இல் சொல்லிவிட்டது. மாநிலம் தானே அறிவித்திருந்த கோவிட் கட்டாயத்தையும் 2023-இல் கைவிட்டது. ஊசியை நீக்கவும் போர்டுக்கு அதிகாரமில்லை, சேர்க்கவும் இல்லை. இந்தத் தீர்ப்பு இரண்டு பக்கத்து வேட்பாளர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஊசி வேண்டாம்ங்கறவங்களும் பெத்தவங்கதானே? அவங்க உரிமையைப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க?

பெற்ற வயிறு பயப்படத்தான் செய்யும். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் என் கருத்தை மறைக்கவும் மாட்டேன்: பள்ளித் தடுப்பூசி கட்டாயமாகத்தான் இருக்க வேண்டும். தட்டம்மை பரவாமல் தடுக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்காவது தடுப்பு இருக்க வேண்டும். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் ஒரு குழந்தை அந்த வகுப்பில் இருக்கலாம், அதற்கு இந்த ஊசி போடவே முடியாது. பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் போட்டிருப்பதுதான் அதற்குக் காவல்.

2025-இல் அமெரிக்காவில் தட்டம்மை 1992-க்குப் பிறகு இல்லாத அளவுக்குப் பரவியது. மேற்கு டெக்சஸில் ஊசி போடாத இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். சட்டப்படியும் இது பழைய விஷயம். சான் அன்டோனியோவில் தடுப்பூசி போடாத பெண்ணைப் பள்ளியில் சேர்க்க மறுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 1922-லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

ஊரில் எல்லா ஊசியும் போட்டுத்தான் வந்தோம். ஸ்கூலில் பத்தாதுங்கறாங்க. இதை போர்டுகிட்ட முறையிடலாமா?

போர்டு இதில் ஒன்றும் செய்ய முடியாது, மேலே சொன்ன அதே காரணம்தான். ஆனால் இந்தப் பிரச்சினை நம் குடும்பங்களுக்கு அடிக்கடி வருவதால் விளக்கமாகவே சொல்கிறேன். டிகே (கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு), கிண்டர்கார்டன் சேர்க்கைக்கு மாநிலம் கேட்பது: போலியோ 4, டிடிஏபி (தொண்டை அடைப்பான், டெட்டனஸ், கக்குவான்) 5, ஹெபடைடிஸ் பி 3, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா) 2, சின்னம்மை 2. வயதைப் பொறுத்துச் சிலவற்றில் ஒரு தவணை குறையலாம். ஏழாம் வகுப்புக்கு முன் டிடாப் (டிடிஏபி தடுக்கும் அதே மூன்று நோய்களுக்கான கூடுதல் ஊசி) ஒன்று.

நம் ஊர் அட்டை எங்கே இடிக்கிறது என்றால், அரசு மருத்துவமனையில் ஒன்பதாம் மாதம் போடும் தட்டம்மை ஊசி முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டது என்பதால் இங்கே கணக்கில் வராது. அங்கே போடுவது எம்ஆர், அதில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து இல்லை. சின்னம்மை ஊசி அரசுப் பட்டியலிலேயே கிடையாது. 2016 ஏப்ரலுக்குப் பிறகு வாயில் விட்ட போலியோ சொட்டு மருந்தையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஊசியாகப் போட்டதைத்தான் எண்ணுவார்கள். அட்டையைத் தேதிவாரியாக எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள், விட்டதை மட்டும் போடுவார். சில கவுண்டிகளில் காசநோய் பரிசோதனையும் கேட்பார்கள். பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்ட பிள்ளைக்குத் தோல் பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டலாம், ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

ஏழாம் வகுப்பிலேயே செக்ஸ் எஜுகேஷனாமே. இதை நிறுத்தறேன்னு சொல்ற ஆளுக்குப் போடலாமா?

நிறுத்த முடியாது. 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ஆரோக்கிய இளைஞர் சட்டப்படி நடுநிலைப் பள்ளியில் ஒருமுறை, உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறை இந்தப் பாடம் நடத்தியே ஆக வேண்டும். ஆனால் பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், பாடப் பொருளைப் பார்க்க விட வேண்டும், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பிள்ளையை விலக்க வேண்டும். இரண்டு வரிக் கடிதம் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. எந்தப் பாடத்திட்டம், ஏழாம் வகுப்புக்குக் கீழே நடத்துவதா என்பவை மட்டும் போர்டின் முடிவு.

கடிதம் எழுதுமுன் அந்தப் பாடத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். பருவ மாற்றம், கருத்தடை, எச்ஐவி, யாராவது தொட்டால் என்ன செய்வது, கடத்தல்காரர்கள் எப்படி ஏமாற்றுவார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. நம் வீடுகளில் பெரும்பாலும் யாரும் இதை உட்கார்ந்து பேசுவதில்லை. பேசாத விஷயத்தைப் பிள்ளை ஃபோனில் தேடிக்கொள்ளும்.

பிள்ளை ஸ்கூலில் வேற பேரு, வேற பாலினம்னு சொன்னா நமக்குச் சொல்லவே மாட்டாங்களாமே. உண்மையா?

2023 ஜூலையில் சீனோ வேலி மாவட்டம், அப்படி நடந்தால் பெற்றோருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று விதி போட்டது. மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குத் தொடுத்தார். அதன்பின் 2024-இல் ஏபி 1955 வந்தது. மாணவரின் சம்மதமில்லாமல் வீட்டுக்குச் சொல்லும்படி ஆசிரியரைக் கட்டாயப்படுத்தும் விதியை எந்த மாவட்டமும் போடக்கூடாது என்பது அந்தச் சட்டம். இதையும் இதை ஒட்டிய மாநில விதிகளையும் எதிர்த்து ஃபெடரல் நீதிமன்றங்களுக்கு வழக்குகள் போயின. முடிவு நீதிபதிகளிடம், உங்கள் ஊர் வேட்பாளரிடம் இல்லை.

என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டும் என்று எந்தத் தாய்க்கும் தோன்றும், அதில் தப்பே இல்லை. வீட்டுக்குத் தெரிந்தால் அடி விழும், வெளியே துரத்துவார்கள் என்று நடுங்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதுவும் பொய்யில்லை. இதைப் பேசும் வேட்பாளர் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பேசினால் நான் தயங்குவேன்.

லைப்ரரியில் சில புத்தகத்தை எடுக்கச் சொல்லி ஒருத்தர் நிக்கறார். இது போர்டால முடியும்தானே?

ஓரளவுக்கு. 1982-இல் நியூயார்க்கின் ஐலண்ட் ட்ரீஸ் மாவட்ட வழக்கில், கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகவே நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுக்கக்கூடாது என்ற பக்கம் உச்ச நீதிமன்றம் சாய்ந்தது, ஆனால் நீதிபதிகள் பெரும்பான்மையாக ஒரே காரணத்தில் ஒன்றுசேரவில்லை. கலிபோர்னியாவில் 2023-இன் ஏபி 1078 இதை இன்னும் இறுக்கியது. ஒரு சமூகத்தின் வாழ்க்கையைச் சொல்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் புத்தகத்தையோ பாடநூலையோ தடுத்தால் மாநிலம் தலையிடும். அந்த ஆண்டு டெமெக்குலா மாவட்டம், தற்பாலின ஈர்ப்பாளர் உரிமைக்குப் போராடிய அரசியல்வாதி ஹார்வி மில்க் பெயர் வரும் சமூக அறிவியல் பாடத்தை நிராகரித்தபோது, ஆளுநர் அபராதம் என்று எச்சரித்ததும் போர்டு இறங்கி வந்தது.

பெற்றோர் பக்கமும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுண்டியில் சிறு வகுப்புக் கதைப் புத்தகங்கள் தங்கள் மதத்துக்கு ஒவ்வாது என்ற பெற்றோருக்கு, முன்கூட்டி அறிவித்துப் பிள்ளையை விலக்க வழி தர வேண்டும் என்று 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் சொன்னது. புத்தகத்தையே எடுக்கச் சொல்லவில்லை. உங்கள் பிள்ளையை விலக்குவதும், எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்துத் தடுப்பதும் ஒன்றில்லை.

ஹிஸ்டரி புக்கில் நம்ம மதம், சாதி பத்தி எழுதியிருக்கறதை மாத்தறேன்னு ஒரு நம்மவர் சொல்றாரே?

2016-இல் இந்தியா என்று எழுதுவதா தெற்காசியா என்று எழுதுவதா, சாதியை எப்படிச் சொல்வது என்று நடந்த சண்டை சாக்ரமென்டோவில் மாநிலக் கல்வி வாரியத்தின் முன்தான் நடந்தது. எட்டாம் வகுப்புவரை பாடநூல் பட்டியலை அந்த வாரியம் அங்கீகரிக்கிறது, உள்ளூர் போர்டு பெரும்பாலும் அதிலிருந்து எடுக்கிறது. நம்மவர் என்பதற்காக ஓட்டுப் போட வேண்டாம். சாதியை மறைத்துத்தான் நம் பிள்ளைக்கு மரியாதை கிடைக்கும் என்று நான் நம்பவில்லை.

எட்டாம் வகுப்பில் அல்ஜிப்ரா கிடைக்குமா கிடைக்காதா? இதையாவது போர்டு முடிவு பண்ணுதா?

ஆமாம், இங்கேதான் போர்டின் முழு பலம் தெரியும். சான் பிரான்சிஸ்கோ 2014-இல் எட்டாம் வகுப்பு அல்ஜிப்ராவை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒன்பதாம் வகுப்பில் என்றது. கறுப்பின, லத்தீன் மாணவர்கள் எட்டாம் வகுப்பிலேயே தோற்றுப் பின்தங்குகிறார்கள், ஒரே வகுப்பாக நடத்தினால் இடைவெளி குறையும் என்பது நோக்கம். நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடந்தது என்ன? வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் வெளியே பணம் கட்டி ஆன்லைனில் அல்ஜிப்ரா முடித்தார்கள். வசதி இல்லாதவர்கள் காத்திருந்தார்கள். பத்து ஆண்டு கழித்து 2024 பிப்ரவரியில் போர்டே திரும்பக் கொண்டுவர முடிவு செய்தது. மார்ச்சில் நடந்த ஆலோசனை வாக்கெடுப்பில் எண்பது சதவீதத்துக்கும் மேல் ஆதரவு.

உங்கள் மாவட்டத்தில் கணக்கு வகுப்பில் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2015-இன் எஸ்பி 359 சட்டப்படி ஒன்பதாம் வகுப்புக் கணக்குச் சேர்க்கைக்கு எழுத்துப்பூர்வ விதி இருக்க வேண்டும், மாவட்ட இணையதளத்தில் போட வேண்டும், பிள்ளையைத் தவறான வகுப்பில் போட்டதாக நினைத்தால் பெற்றோர் முறையிட வழி இருக்க வேண்டும். அந்த விதியை எடுத்துக்கொண்டு போய் வேட்பாளரிடம் கேளுங்கள்: இதில் எந்த வரியை மாற்றுவீர்கள்? கணக்கில் முந்தும் பிள்ளையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள், தடுமாறும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். நம் சமூகத்தில் தடுமாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை.

ஃபோன் தடை, காலையில் ஸ்கூல் நேரம், தீபாவளி லீவு? இதெல்லாம் யார்?

மூன்றிலும் மாநிலம் வட்டம் போட்டிருக்கிறது, உள்ளே போர்டு முடிவு செய்கிறது. ஃபோனைக் கட்டுப்படுத்தும் விதியை 2026 ஜூலை 1-க்குள் எல்லா மாவட்டமும் போட வேண்டும். வகுப்பில் மட்டுமா, மதிய உணவு நேரத்திலுமா, பையிலா, பூட்டிய உறையிலா என்பது போர்டின் கையில். உயர்நிலைப் பள்ளி காலை 8:30-க்கு முன்னும் நடுநிலைப் பள்ளி 8:00-க்கு முன்னும் தொடங்கக்கூடாது என்பது 2022 முதல் சட்டம், கிராமப்புற மாவட்டங்களுக்கு விலக்கு. தீபாவளி 2026 முதல் மாநில விடுமுறை நாட்களில் சேர்ந்துவிட்டது, ஆனால் பள்ளியை மூடுவது மாவட்டத்தின் விருப்பம்.

பொங்கலுக்கு மூணு வாரம் ஊருக்குப் போனா ஸ்கூலுக்குக் காசு குறையுமாமே?

குறையும். கலிபோர்னியாவில் மாநில நிதி சேர்க்கைக்கு வருவதில்லை, அன்றாட வருகைக்கு வருகிறது. பிள்ளை வராத நாளுக்குப் பணம் வராது. பாலோ ஆல்டோ மாதிரி உள்ளூர் சொத்து வரியே போதும் என்ற மாவட்டங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. ஊருக்குப் போகுமுன் அலுவலகத்தில் இன்டிபென்டென்ட் ஸ்டடி ஒப்பந்தம் கேளுங்கள். கொடுத்த பாடத்தை முடித்துக் கொண்டுவந்தால் வருகை கணக்கில் வரும்.

பிள்ளைகள் எண்ணிக்கை குறையும் பே ஏரியாவில் போர்டு எடுக்கும் மிகக் கடினமான முடிவு பள்ளியை மூடுவதுதான். வேட்பாளர் நோட்டீஸில் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. எல்சிஏபி என்ற செலவுத் திட்டத்தை ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1-க்குள் போர்டு நிறைவேற்ற வேண்டும். அதற்கு முன் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். மே, ஜூன் மாதம் அந்தக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள், நாற்காலிகள் காலியாகக் கிடக்கும்.

தடுப்பூசி விஷயத்தில் அவர் பேசறது பிடிக்கல. ஆனா கணக்குப் பாடத்திலும் பட்ஜெட்டிலும் சரியாப் பேசறார். என்ன பண்றது?

கஷ்டமான கேள்வி. போர்டுக்கு அதிகாரம் உள்ள விஷயத்துக்கு அதிக மதிப்புக் கொடுங்கள் என்பது பொதுவான பதில். அப்படிப் பார்த்தால் அவருக்குப் போடலாம்.

ஆனாலும் நான் தயங்குவேன், காரணம் சொல்கிறேன். தடுப்பூசிச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் சூப்பரின்டெண்டென்டை எடுப்பது போர்டு. தட்டம்மை வந்தால் பெற்றோருக்கு என்ன கடிதம் போகிறது, பள்ளியில் தடுப்பூசி முகாம் நடத்த இடம் தருவதா என்பதும் அவர்கள் முடிவு. அதனால் அவரிடமே நேரில் கேளுங்கள்: "சட்டம் உங்களுக்குப் பிடிக்கவில்லை, சரி. பதவிக்கு வந்தால் அதை முழுதாகக் கடைப்பிடிப்பீர்களா?" ஆமாம் என்று தயங்காமல் சொல்பவர் வேறு, சுற்றி வளைப்பவர் வேறு.

ஜெயிச்சதும் ஆள் மாறிட்டார். நாலு வருஷம் பொறுத்துக்கணுமா?

தேவையில்லை, பதவியில் இருப்பவரை இடையிலேயே வாக்கெடுப்பில் நீக்கும் ரீகால் உண்டு. பதவியேற்று 90 நாள் கழித்துத் தொடங்கலாம், பதவிக்காலத்தின் கடைசி ஆறு மாதத்தில் முடியாது. போதுமான வாக்காளர் கையெழுத்து வாங்கினால் தேர்தல் நடக்கும். 2022 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ மூன்று உறுப்பினர்களைப் பெரிய வித்தியாசத்தில் நீக்கியது. கோவிட்டில் பள்ளி மூடிக் கிடக்கும்போது 44 பள்ளிகளுக்குப் பெயர் மாற்றும் வேலையில் இறங்கியதும், லோவெல் உயர்நிலைப் பள்ளியின் சேர்க்கை முறையை மாற்றியதும் மக்களுக்குக் கோபம்.

டெமெக்குலாவில் 2024 ஜூனில் போர்டுத் தலைவர் ஜோசப் கோம்ரோஸ்கியைச் சில நூறு வாக்குகளில் நீக்கினார்கள். அதே நவம்பரில் அவர் மறுபடி நின்று ஜெயித்துவிட்டார். ரீகாலுக்கு மாதக்கணக்கில் உழைப்பும் மாவட்டத்தின் பணமும் போகும். அதற்கு இறங்குமுன் இரண்டு மூன்று கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லி, அவர் போட்ட ஓட்டைத் தேதியோடு சொல்லிப் பேசிப் பாருங்கள். கூட்டம் யூடியூபில் ஓடும், உள்ளூர்ப் பத்திரிகைக்காரரும் பார்ப்பார், அடுத்த தேர்தலில் எதிர்த்து நிற்கப் போகிறவரும் பார்ப்பார்.